ஹலோ தன் எழுத்துக்கு வழி சொன்ன காலை

நான் நர்ஸாக இருக்கும் பராமரிப்பு இல்லத்தில் அவளை எல்லோரும் ஹலோ என்றே கூப்பிட்டோம். பெயரை நாங்கள் வைக்கவில்லை, வரும்போதே கொண்டுவந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கூட வேலை பார்த்தவர்கள் கேலியாக வைத்த பெயர், வேலை முடிந்த பிறகும் ஒட்டிக்கொண்டது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "லைன் பிஸியா இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாளாம்.

சொந்தமாக ஒரு வீடு வைத்திருந்தாள். மூன்றாவது மாடியில் இரண்டு அறை, ஒரு பால்கனி. பால்கனிக்கு நேர் கீழே பஸ் நிறுத்தம். மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, எந்த பஸ் நேரத்துக்கு வருகிறது, எந்த டிரைவர் நிறுத்தம் தாண்டி நிறுத்துகிறான் என்று பார்ப்பதுதான் ஓய்வு பெற்ற பிறகு அவளுக்குப் பொழுதுபோக்கு. அந்த வீட்டுக் குளியலறையில்தான் ஒரு நாள் விழுந்தாள். கதவை உடைத்து உள்ளே போனது அவளுடைய அண்ணன். அதை மறந்துவிடக் கூடாது. பின்னால் அவர் செய்ததற்கெல்லாம் அந்தக் கதவுதான் காரணம்.

மூளையின் தண்டுப் பகுதியில் அடைப்பு. இது வந்தவர்களைப் பார்த்துப் பலரும் ஏமாந்துபோவார்கள். வாய் அசையாது, நாக்கு புரளாது, எச்சில் வழியும், கை கால் வராது. பார்க்கிறவர்கள் புத்தியும் போய்விட்டது என்று முடிவு கட்டிவிடுவார்கள். புத்தி முழுதாக உள்ளே உட்கார்ந்திருக்கும். ஹலோவுக்கு இடது கை மட்டும் கொஞ்சம் திரும்பி வந்தது. அதிலும் உருப்படியாக வேலை செய்தது ஆள்காட்டி விரல் ஒன்றுதான். கண் இரண்டும் தெரிந்தன, ஆனால் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிந்தன. மெல்லிய எழுத்து எதையும் படிக்க முடியாது. கெட்டியாக, பட்டையாக எழுதியிருந்தால் ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிப்பாள்.

தண்ணீரைக்கூடக் கெட்டியாக்கிக் கரண்டியால்தான் கொடுக்க வேண்டும். தாடையை நெஞ்சோடு தாழ்த்தி விழுங்கச் சொன்னால் சொன்னபடி விழுங்குவாள். ஒருமுறை கண்ணை இமைத்தால் ஆமாம், இரண்டு முறை இமைத்தால் இல்லை. பிடிக்காததைச் சொன்னால் கண்ணை மூடிக்கொண்டு தூங்குவதுபோல் கிடப்பாள். அது மூன்றாவது பதில்.

அண்ணன் வாரம் தவறாமல் வருவார். நல்ல மனுஷன்தான், ஆனால் வாய் பேசாதவர்களுக்குக் காதும் கேட்காது என்று நினைக்கிற ரகம். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிடுவார்.

"பாப்பா! சாப்பிட்டியா பாப்பா!"

அந்தத் தாழ்வாரத்தில் இருக்கிற அத்தனை பேரும் உள்ளேயிருந்தே, "ஆச்சு, ஆச்சு" என்று பதில் சொல்வார்கள். ஹலோ கண்ணை மூடிக்கொள்வாள்.

அவர் மகன் வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன். லீவில் வந்தவன் ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிக்கொண்டு வந்தான். ஏதோ ஆபீசில் கழித்துப்போட்டது.

"தம்பி, அத்தைக்குப் புதுசா ஒண்ணு வாங்கித் தரக் கூடாதா?" என்று கேட்டேன்.

"புதுசு நொடிக்கு நூறு தடவை அதை அப்டேட் பண்ணு, இதை அப்டேட் பண்ணுன்னு நச்சரிக்கும் சிஸ்டர். இது வாயைத் திறக்காது. சொன்னதை மட்டும் செய்யும்."

"அப்போ உங்க அத்தைக்கும் அதுக்கும் ஒத்துவராது. அவங்க சொன்னதை மட்டும் செய்யற ஆள் இல்லை."

கட்டிலில் இருந்து ஒரே ஒரு இமைப்பு வந்தது. ஆமாம்.

கம்ப்யூட்டரில் இருந்த தமிழ் எழுத்துகள் எல்லாம் மெல்லியவை. அவள் கண்ணுக்கு ஆகவில்லை. அவன் லீவு முழுக்க உட்கார்ந்து, புள்ளி புள்ளியாக வைத்து, செங்கல் அடுக்கியதுபோல் பட்டை பட்டையான எழுத்துகளை வரைந்தான். வரைந்ததை ஒரு ஃபோல்டரில் போட்டான். போட்டால் மட்டும் போதாதாம். திரையில் ஜன்னல் ஜன்னலாக எல்லாவற்றையும் காட்டுகிற அமைப்பு ஒன்று இருக்கிறதே, அது தானாக எங்கும் போய் எழுத்தைத் தேடாது. இந்த ஃபோல்டரில் முதலில் பார், இல்லையென்றால் அடுத்ததில் பார் என்று வரிசையாக வழி சொல்லி வைக்க வேண்டும். கேட்ட பெயரில் ஒரு எழுத்துரு எங்கே முதலில் கிடைக்கிறதோ, அதை எடுத்துக்கொண்டு திரும்பிவிடும். அடுத்த ஃபோல்டரில் அதே பெயரில் இன்னும் நல்லதாக ஒன்று இருந்தாலும் எட்டிக்கூடப் பார்க்காது.

இதையெல்லாம் அவன் அத்தைக்குச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவே இல்லை. அவள்தான் விடவில்லை. பட்டை எழுத்தில் அவள் அடித்த முதல் நீளமான வாக்கியமே அதுதான்.

"நீ போன பிறகு ரிப்பேர் ஆனா நான் கையைப் பிசையணுமா? பிசைய ஒரு கைதான் இருக்கு. சொல்லிக் குடு."

சொல்லிக் கொடுத்தான். முழுதாகக் கேட்டுவிட்டு, "டிரங்க் கால் போடற மாதிரிதானே" என்று அடித்தாள். அவள் காலத்தில் வெளியூருக்குப் பேச வேண்டும் என்றால் நேர் லைனை முதலில் பார்ப்பார்களாம். அது நிரம்பியிருந்தால் பக்கத்து ஊர் வழி, அதுவும் இல்லை என்றால் சுற்று வழி. எந்த ஊருக்கு எந்த வரிசை என்பது ஆபரேட்டருக்கு அத்துப்படியாக இருக்க வேண்டும். "அதேதான் அத்தை, ஆனா இங்க லைன்ல யாரும் திட்ட மாட்டாங்க" என்றான். அவன் ஊருக்குப் போனான். போகும்போது, தான் சோதனைக்கு வரைந்து பார்த்த எழுத்துகள் எல்லாம் இருந்த ஒரு பென் டிரைவை மேசை டிராயரில் விட்டுவிட்டுப் போனான். சுத்தம் செய்து வைக்கிற பழக்கம் அந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஏது?

பேச்சு வந்த பிறகு ஹலோ எங்களைச் சும்மா விடவில்லை. டீ ஆறிப்போய் வருகிறது என்று சமையல்காரரை அழைத்து வரச் சொன்னாள். அவர் வந்து நின்றதும், "டீயா, போன வாரத்து டீயா?" என்று திரையில் நின்றது. அவர் சிரித்துவிட்டுப் போய்ச் சூடாகப் போட்டு வந்தார். அண்ணன் வந்து, "பாப்பா!" என்று கத்தியபோது, "காது நல்லா இருக்கு. உனக்குத்தான் தொண்டை கெட்டுப்போகும்" என்று அடித்தாள். அன்று தாழ்வாரமே சிரித்தது. அவரும் சிரித்தார். அடுத்த வாரம் பழையபடி கத்தினார்.

சிரிப்பு எல்லாம், அவள் வீட்டுக்குப் போக வேண்டும் என்று அடிக்கும் வரைதான்.

"பகலுக்கு ஒரு ஆள், ராத்திரிக்கு ஒரு ஆள் வெச்சுக்கறேன். என் வீட்டுக்குப் போகணும்."

அண்ணன் முகம் இருண்டுவிட்டது. "நான் கதவை உடைச்சு வந்தப்போ நீ எப்படிக் கிடந்தேன்னு உனக்குத் தெரியாது பாப்பா. எனக்குத் தெரியும். இன்னொரு தடவை அதை என்னால பார்க்க முடியாது." அதோடு நிற்கவில்லை. தங்கைக்குத் தானாக முடிவெடுக்கும் நிலை இல்லை, எல்லா முடிவையும் நான் எடுக்கிறேன் என்று கோர்ட்டில் மனு போட்டுவிட்டார். மனு ஏற்கப்பட்டால் ஹலோ எங்கே படுக்க வேண்டும், எப்போது எழ வேண்டும், அந்த வீடு திறந்திருக்க வேண்டுமா பூட்டியிருக்க வேண்டுமா என்பதெல்லாம் அண்ணன் கையில். அவள் எங்கள் இல்லத்திலேயே கடைசி வரை இருக்க வேண்டியதுதான்.

பரிசோதித்துச் சொல்ல ஒரு டாக்டரம்மா வருவதாக ஏற்பாடாயிற்று. நிபந்தனை ஒன்று: அவள் தன் காரணங்களைத் தானே சொல்ல வேண்டும். கண் இமைப்பை வைத்து வேறு யாரும் பொருள் சொல்லக் கூடாது. அவள் பக்கத்தில் நின்று யாரும் மெஷினில் கை வைக்கவும் கூடாது.

முந்தின நாள் சாயங்காலம் ஹலோ டிராயரைக் கண்ணால் காட்டினாள். பென் டிரைவை எடுத்துச் செருகினேன். என்ன செய்கிறாய் என்று கேட்டேன்.

"டாக்டரம்மா எதிர் நாற்காலியில உட்காருவாங்க. அங்கேயிருந்து தெரியணும். இதைவிடப் பெருசா ஒண்ணு இதுல இருக்கு."

மருமகன் வரைந்த இன்னும் பெரிய எழுத்துகளை ஒரு புது ஃபோல்டரில் போட்டாள். வழிகளின் வரிசையில் அந்த ஃபோல்டரை எல்லாவற்றுக்கும் முன்னால் சேர்த்தாள். மெஷினை அணைத்துப் போட்டாலும் மறக்காமல் இருக்க, அது எழும்போது படிக்கிற கோப்பிலும் எழுதி வைத்தாள். எழுதும் ஜன்னலை மூடித் திறந்தாள். பிறகு தொண்டை டாக்டரிடம் காட்டுவதுபோல் "ஆ" என்று ஒரே ஒரு எழுத்து அடித்தாள். திரையில் பூசணிக்காய் அளவுக்கு ஓர் "ஆ" வந்து நின்றது. திருப்தியாகிவிட்டது. தூங்கிப்போனாள்.

மறுநாள் காலை டாக்டரம்மா வந்தார். கழுத்தில் கயிறு போட்டுத் தொங்கும் மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு துணிப்பை, அவசரம் இல்லாத நடை. அண்ணன் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஜன்னல் ஓரம் நின்றார். நான் ஹலோவின் முதுகுக்குத் தலையணை வைத்து, கீபோர்டை விரலுக்கு எட்டும்படி சாய்த்து வைத்துவிட்டு விலகி நின்றேன்.

"வணக்கம்மா. இன்னிக்கு எப்படி இருக்கீங்க?"

ஹலோ அடித்தாள். நல்லா இருக்கேன் என்றுதான் அடித்திருக்க வேண்டும். திரையில் ஒரு கட்டம், இன்னொரு கட்டம், மேலும் சில கட்டங்கள், நடுவில் தனியாக ஓர் "இ", மறுபடி கட்டங்கள். எல்லாம் மிகப் பெரியதாக, எதிர் நாற்காலிக்கு நன்றாகத் தெரியும்படி.

அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு திரையை மறுபடி பார்த்தாள்.

"நேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார் அண்ணன். நான் நடந்ததைச் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது? அவர் மெஷினை அணைத்துப் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை இருப்பதுபோல் கம்ப்யூட்டருக்கு எல்லோரும் சொல்கிற ஒரே வைத்தியம் அது. டாக்டரம்மா சம்மதித்தார். அண்ணன் அணைத்துப் போட்டார். அதே கட்டங்கள் வந்தன. வராமல் என்ன செய்யும்? எழும்போது படிக்கிற கோப்பிலேயே எழுதி வைத்துவிட்டாளே.

அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். அதுதான் கத்துவதைவிட மோசமாக இருந்தது.

"பாருங்க டாக்டர். நல்லா இருந்ததை அவளே கெடுத்துக்கிட்டா. தப்புச் சொல்லலை, உடம்பு அப்படி. நாளைக்கு வீட்டுல கேஸ் அடுப்பு இருக்கும், ஹீட்டர் இருக்கும். அங்கேயும் இப்படி ஒரு சாயங்காலம் ஏதாவது பண்ணி வெச்சா?"

டாக்டரம்மா அவர் பக்கம் திரும்பவில்லை. ஹலோவைத்தான் பார்த்தார். "இங்கிலீஷ் எழுத்து வருதாம்மா? அதுல அடிச்சாலும் எனக்குப் போதும்."

கட்டளை கொடுக்கிற சின்ன ஜன்னலில் இங்கிலீஷ் எழுத்து வந்தது. மெஷினோடு பிறந்த கெட்டி எழுத்து அது, எந்த ஃபோல்டரையும் நம்பி இல்லை. ஹலோ ஒரு கண்ணை இறுக மூடிக்கொண்டு, இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக அடித்தாள். டாக்டரம்மா எழுந்து போய், மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து படித்தார்.

"'நான் பண்ணினது. நானே சரி பண்றேன். அதைப் பாருங்க.' சரிம்மா. பார்க்கிறேன்."

"டாக்டர், அதெல்லாம் வேண்டாம், அவளுக்கு அசதியாயிடும்..."

"இருங்க சார். எதுவும் கெட்டுப்போகாத வீடு எனக்குத் தெரிஞ்சு இல்லை. கெட்டுப்போனா என்ன பண்றாங்கன்னு பார்க்கத்தான் நான் வந்திருக்கேன்."

அண்ணன் உட்கார்ந்தார்.

ஹலோ முதலில் எதையும் மாற்றவில்லை. எந்தெந்த வழிகள், எந்த வரிசையில் இருக்கின்றன என்று மெஷினையே கேட்டாள். பட்டியல் வந்தது. புது ஃபோல்டர் முதலில் நின்றது. அதற்கு அடுத்து பழைய பட்டை எழுத்து. ஒரு கண்ணால் அதையே பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு இரண்டு ஃபோல்டர்களுக்குள்ளும் போய்ப் பார்த்தாள். எனக்கும் அப்போதுதான் விளங்கியது. மருமகன் பெரிய எழுத்தை வரைய ஆரம்பித்து, உயிரெழுத்துகளோடு நிறுத்தியிருக்கிறான். மீதி இடங்களில் வெறும் கட்டம். ஆனால் முடித்ததற்கு வைத்த அதே பெயரை முடிக்காததற்கும் வைத்திருக்கிறான். மெஷின் முதல் ஃபோல்டரில் பெயரைப் பார்த்தது, எடுத்துக்கொண்டது. பக்கத்து ஃபோல்டரில் முழு எழுத்தும் காத்துக்கொண்டிருந்தது. அவள் சோதித்த எழுத்தோ "ஆ". முந்தின சாயங்காலம் "கா" என்று ஒன்று அடித்திருந்தால் அப்போதே தெரிந்திருக்கும்.

புது ஃபோல்டரை வரிசையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கட்டளை அடித்தாள். ஒரு விரல். தவறு வந்தால் அழித்து, மறுபடி. நெற்றியில் வியர்த்தது, துடைத்துவிட்டேன். அதற்கு மட்டும் டாக்டரம்மா தலையசைத்து அனுமதி கொடுத்தார். கட்டளை போயிற்று. எழுதும் ஜன்னலில் அடித்துப் பார்த்தாள்.

மறுபடி கட்டங்கள்.

"விடு பாப்பா," என்றார் அண்ணன். உண்மையாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னார். "போதும். நீ பட்ட பாடு போதும்."

ஹலோ கண்ணை மூடினாள். அண்ணனுக்குச் சொல்கிற மூன்றாவது பதிலா, அசதியா என்று எனக்குத் தெரியவில்லை. நாடி பிடித்துப் பார்க்கலாமா என்று ஓர் அடி எடுத்து வைத்தேன். அதற்குள் கண்ணைத் திறந்தாள். வாய்க் கோணத்தில் ஏதோ அசைந்தது. அவளால் முடிந்த சிரிப்பு அவ்வளவுதான்.

சின்ன ஜன்னலில் இங்கிலீஷ் எழுத்தில் அடித்தாள். டாக்டரம்மா படித்தார். "'பேசிக்கிட்டு இருக்கற லைனை மாத்த முடியாது. கட் பண்ணித்தான் திரும்பப் போடணும்.'"

எழுதும் ஜன்னல் திறந்தபோதே தன் எழுத்தைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டுவிட்டது. வழியை மாற்றினாலும் கையில் இருப்பதை அது விடாது. ஹலோ அந்த ஜன்னலை மூடினாள். மறுபடி திறந்தாள். விரலைத் தூக்கி, ஒரு நொடி காற்றில் நிறுத்தி, அடித்தாள்.

"நல்லா இருக்கேன் டாக்டரம்மா. நீங்க எப்படி இருக்கீங்க?"

பட்டை பட்டையாக, ஒரு புள்ளி குறையாமல் அத்தனை எழுத்தும் வந்தது. வாசலில் யாரோ, "சபாஷ்!" என்றார்கள். திரும்பிப் பார்த்தால் சமையல்காரர், கையில் டம்ளர் தட்டோடு.

டாக்டரம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஹலோ விரலைத் தூக்கி நிறுத்தினாள். அவளுக்கு வேலை முடியவில்லை. எழும்போது படிக்கிற கோப்பைத் திறந்து, முந்தின நாள் சேர்த்த வரியைத் தேடி அழித்தாள். பிறகு, "இப்போ அணைச்சுப் போடுங்க. அண்ணன் போட வேண்டாம். நீங்க போடுங்க" என்று அடித்தாள். டாக்டரம்மாவே அணைத்தார், போட்டார். மெஷின் முக்கி முனகி எழுந்தது. எழுத்துகள் எழுந்தன.

"என்னம்மா, இனிமே இப்படி ஆகாதே?" என்றார் டாக்டரம்மா.

"இது ஆகாது. வேற ஏதாவது ஆகும். அப்போ அதைப் பார்த்துக்கலாம்."

"பெரிய எழுத்து வேணும்னு நெனைச்சீங்களாமே. இது எனக்கு அங்கிருந்து தெரியாதே."

"நாற்காலியை முன்னால இழுத்துப் போட்டுக்குங்க."

டாக்டரம்மா வாய்விட்டுச் சிரித்தார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். அதன் பிறகு கேள்விகள் வந்தன, ஒன்றையும் விடவில்லை. மூச்சு அடைத்தால் யாரைக் கூப்பிடுவீர்கள்? விரல் எட்டும் இடத்தில் மணி, மணி அடித்தால் பக்கத்து அறையில் ஆள். ஆள் வராத நாளில்? எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவள் கீழ் மாடியில் இருக்கிறாள், சாவி அவளிடம் கொடுத்து வைக்கப்படும். அடுப்பு? "அடுப்பை நான் பத்த வைக்கப் போறதில்லை. விழுங்கறதுக்கே வாய்தா வாங்கறேன், சமைக்கவா போறேன்?" கீழே விழுந்தால்? "விழறதுக்கு எழுந்து நிக்கணும்."

"இங்க உங்களை நல்லாத்தானே பார்த்துக்கறாங்க?"

ஹலோ என்னைப் பார்த்தாள். "ரொம்ப நல்லா. ஆனா இங்கே எனக்கு விளக்கு அணைக்கற நேரம் இன்னொருத்தர் சொல்றாங்க." அது உண்மைதான். எங்கள் இல்லத்தில் எல்லோருக்கும் ஒரே நேரம்.

கடைசியில் அண்ணன் எழுந்து வந்து கட்டில் ஓரம் நின்றார். முதல் தடவையாகக் கத்தாமல் பேசினார்.

"உன் மேல எனக்கு என்னம்மா கோபம்? பயம்தான். வேற ஒண்ணும் இல்லை."

அவள் நிதானமாக அடித்தாள். "தெரியும். பயம் உனக்கு. வீடு எனக்கு. நீ பயப்படறதுக்காக நான் ஏன் படுத்துக் கிடக்கணும்? பயமா இருந்தா வந்து பார்த்துட்டுப் போ. சாவி ஒண்ணு உனக்கும் தரேன். இனிமே கதவை உடைக்க வேண்டாம்."

அவர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். டாக்டரம்மா துணிப்பைக்குள் எதையோ தேடுவதுபோல் குனிந்துகொண்டார்.

முடிவு வர அதிக நாள் ஆகவில்லை. தனக்கு வேண்டியதைத் தானே தீர்மானிக்கிற நிலையில் இருக்கிறாள், மனுவுக்கு அவசியமே இல்லை என்று வந்தது. வருவதற்கு முன்பே அண்ணன் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டுவிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அவள் வீட்டுக்குப் போன அன்று நானும் கூடவே போனேன், கட்டிலில் படுக்க வைக்கிற முறையைப் புது ஆட்களுக்குக் காட்ட. லிப்ட் சின்னது, சக்கர நாற்காலி நுழையவில்லை. அண்ணனும் ஆம்புலன்ஸ்காரரும் நாற்காலியோடு மூன்று மாடி தூக்கினார்கள். அண்ணன் படிக்குப் படி, "அம்மாடி, அம்மாடி" என்று முனகினார். வீட்டுக்குள் போனதும் மெஷினை மேசையில் வைத்து இணைப்புக் கொடுத்தார்கள். கட்டிலை எங்கே போடட்டும் என்று அண்ணன் கேட்டார்.

"பால்கனிக் கதவுக்கு எதிர்ல."

போட்டார். அவள் பார்த்தாள்.

"வெயில் முகத்துல அடிக்கும். அந்தச் சுவர் ஓரம்."

நகர்த்தினார்.

"பஸ் தெரியலை. இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

நகர்த்தினார். தலைமாட்டைத் திருப்பச் சொன்னாள், திருப்பினார். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. மூச்சு வாங்கிக்கொண்டு, "இப்போ சரியா பாப்பா?" என்று கேட்டார்.

ஹலோ ஒரு கண்ணை மூடி, அறையை நிதானமாக அளந்து பார்த்தாள். பிறகு விரலை இறக்கினாள்.

"முதல்ல போட்ட இடமே நல்லா இருந்துச்சு."